இரண்டு கோடுகள் சொல்வது என்ன? வீட்டிலும் பணியிடத்திலும் போதைப்பொருள் துரிதப் பரிசோதனை

கொரோனாக் காலம் நம் இல்லங்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துச் சென்றது. வெள்ளை அட்டையில் ஒரு கோடு என்றால் நிம்மதி. இரண்டு கோடுகள் என்றால் நோய். அதற்கு முன்பே கர்ப்பப் பரிசோதனை அட்டையும் ஏறக்குறைய இதே இலக்கணத்தைப் பழக்கியிருந்தது. இப்போது அதே தோற்றத்தில், அதே போன்ற அலுமினிய உறையில், சிறுநீரில் போதைப்பொருள் உள்ளதா என்று காட்டும் அட்டைகள் மருந்துக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. இவற்றில் அந்த இலக்கணம் தலைகீழ். இரண்டு கோடுகள் தோன்றினால் அப்பொருள் குறிப்பிட்ட அளவுக்கு இல்லை என்று பொருள். ஒரு கோடு மட்டும் தோன்றினால்தான் ஐயம். உறையினுள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் குறிப்புத்தாளைப் பிரித்துப் படிக்காமல், பழைய பழக்கத்தில் இரண்டு கோடுகளைக் கண்டு மகனைக் கடிந்துகொள்ளும் தந்தைக்கும், ஒற்றைக் கோட்டைக் கண்டு நிம்மதியுறும் தாய்க்கும் அட்டை எந்த உதவியும் செய்யப்போவதில்லை.

ஈஜிபுரா போன்ற ஒரு பகுதியை மனத்திற்கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஒருபுறம் கோரமங்கலாவின் நிறுவனங்கள். மறுபுறம் விவேக்நகரின் பழைய தமிழ்க் குடியிருப்புகள். நடுவே ஆண்டுக்கணக்கில் முடியாமல் இழுத்த மேம்பாலப் பணியின் தூண்கள். வேலை தேடி வந்த இளைஞர்கள் தங்கும் விடுதிகள், வாடகை வாகன உரிமையாளர்கள், காவலாளிகளை அனுப்பும் சிறு முகமைகள், பத்துப் பேரை வைத்து நடத்தப்படும் பட்டறைகள் ஆகிய அனைத்தும் சில தெருக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும், இரவு வண்டி ஓட்டும் ஊழியரைப் பற்றிக் கவலைப்படும் முதலாளியும் இங்கே ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். இருவரும் அட்டையை வாங்குமுன் அறிய வேண்டியவை சில உள.

முதலில் அது வேலை செய்யும் விதம். ஈஜிபுரா சிக்னலில் ஓர் ஆட்டோ நிறுத்தத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். நிறுத்தத்தில் பயணிகள் வரிசையாகக் காத்திருக்கின்றனர். காலியாக வரும் ஆட்டோக்கள் அங்கே நின்று அவர்களை ஏற்றிக்கொள்ளும். ஆட்டோக்கள் குவிவதால் தொலைவிலிருந்தே அந்த இடம் மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும். வழியிலேயே பயணிகள் ஏறி நிரம்பிவிட்ட ஆட்டோக்களோ நிற்காமல் சென்றுவிடும். நிறுத்தம் வெறிச்சோடிக் கிடக்கும். அட்டையில் ஆட்டோக்களின் இடத்தில் இருப்பவை நிறத்துகள் பூசப்பட்ட எதிர்ப்புரதங்கள். ‘டி’ என்று குறித்த இடத்தில் போதைப்பொருளின் மூலக்கூறு முன்கூட்டியே ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். சிறுநீரில் அப்பொருள் இல்லையேல் எதிர்ப்புரதங்கள் காலியாக வந்து ‘டி’ கோட்டில் பற்றிக்கொள்ளும், நிறக்கோடு தோன்றும். சிறுநீரிலேயே அப்பொருள் போதிய அளவில் இருந்தால் எதிர்ப்புரதங்கள் வழியிலேயே நிரம்பி, ‘டி’ கோட்டைத் தாண்டிப் போய்விடும், கோடு தோன்றாது. ‘சி’ என்ற கோடு அட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கான சாட்சி மட்டுமே. அது தோன்றாவிட்டால் முடிவு எதுவாயினும் செல்லாது; புதிய அட்டையில் மீண்டும் பார்க்க வேண்டும்.

இங்கிருந்து ஒரு நடைமுறைச் செய்தி கிடைக்கிறது. ‘டி’ கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது கோடுதான். இல்லை என்றே கொள்ள வேண்டும். ‘மங்கலாக இருக்கிறது, ஆகவே கொஞ்சம் உட்கொண்டிருப்பான்’ என்ற ஊகத்திற்கு இதில் இடமே இல்லை. குறிப்புத்தாள் சொல்லும் நேரத்தில், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில், பார்த்துவிட வேண்டும். அரைமணி நேரம் கழித்துக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்து முடிவை மாற்றிக்கொள்ளலாகாது.

‘குறிப்பிட்ட அளவுக்கு’ என்று மேலே சொன்னோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரம்பு உண்டு. பணியிடப் பரிசோதனையை நெடுங்காலமாக நடத்திவரும் அமெரிக்க அரசின் விதிகளில், கஞ்சாவின் வளர்சிதைப் பொருளுக்கு முதற்கட்ட வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். வரம்புக்குக் கீழே இருந்தால் அட்டை ‘இல்லை’ என்றே சொல்லும். கஞ்சா புகைத்தவரின் அருகே சற்று நேரம் நின்றதாலேயே பொதுவாக ஒருவர் இந்த வரம்பைத் தாண்டிவிடமாட்டார். ‘நண்பன்தான் புகைத்தான்’ என்ற விளக்கத்தை எடைபோட இது உதவும்.

காலமும் பொருளுக்குப் பொருள் வேறுபடும். எப்போதோ ஒருமுறை கஞ்சா உட்கொண்டவரின் சிறுநீரில் அதன் தடயம் சுமார் மூன்று நாள் வரை தெரியும். நாள்தோறும் உட்கொள்பவருக்கு, நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் தெரியக்கூடும். கொழுப்புத் திசுவில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுவதே காரணம். கோக்கெய்ன், ஆம்ஃபெட்டமின், ஹெராயின் போன்றவை பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். ஆகவே சிறுநீர் அட்டை சொல்வது கடந்த காலத்தைப் பற்றியது. இந்த நொடியில் அவர் மயக்கத்தில் இருக்கிறாரா, வண்டி ஓட்டத் தகுதியோடு இருக்கிறாரா என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை. மூச்சுக் கருவி மதுவை அளப்பதையும் இதையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு மதுவுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று ஓர் எண்ணை வைத்திருக்கிறது. போதைப்பொருளுக்கோ எண் எதையும் சொல்லாமல், வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தாரா என்றே கேட்கிறது.

இனி, அட்டை தவறாக நெருப்பைக் காட்டும் இடங்கள். கர்நாடகத்தின் விருந்துகளில் கசகசே பாயசத்திற்குத் தனி மதிப்புண்டு; நம் வீட்டுக் குருமாவிலும் கசகசா அரைத்துச் சேர்ப்போம். கசகசா ஓபியம் தரும் செடியின் விதையே. விதையின்மேல் படிந்திருக்கும் மார்ஃபினின் மிகச் சிறிய அளவு, நிறையச் சாப்பிட்டவரின் சிறுநீரில் தெரியக்கூடும். இது சமையலறைக் கதையன்று. இதன் பொருட்டே அமெரிக்க அரசு 1998இல் ஓபியம் வகைக்கான வரம்பை 300இலிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தியது. நம் சந்தையில் 300 வரம்புள்ள அட்டைகளும் 2000 வரம்புள்ள அட்டைகளும் விற்கப்படுகின்றன. உறையின்மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைப் பார்த்து வாங்குவோர் எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமை திருமண விருந்து உண்டவரைத் திங்கட்கிழமை காலை 300 வரம்புள்ள அட்டையால் சோதிப்பது அறிவுடைமை ஆகாது.

மருந்துகளின் பட்டியல் இதைவிட நீளமானது. கோடீன் கலந்த இருமல் மருந்து ஓபியம் வரிசையில் காட்டும்; அது தவறான காட்சியும் அன்று, ஏனெனில் கோடீன் உடலில் மார்ஃபினாக மாறுகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததா என்பதை மட்டும் அட்டை அறியாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், லீவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகளும் சிலவகை ஓபியம் பரிசோதனைகளைக் குழப்பியிருக்கின்றன. சளி மருந்தில் உள்ள சூடோஎஃபெட்ரின் ஆம்ஃபெட்டமின் வரிசையைக் குழப்பக்கூடும். வலிப்பு நோய்க்கு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கப்படும் ஃபீனோபார்பிட்டோன் பார்பிச்சுரேட் வரிசையில் உறுதியாகக் காட்டும். பல பொருள்களைச் சோதிக்கும் அட்டையை ஊழியர் அனைவருக்கும் நீட்டும் முதலாளி, போதைப்பொருளைத் தேடப் போய், ஒருவர் தம் மனைவியிடம்கூடச் சொல்லத் தயங்கிய வலிப்பு நோயை ஊரறியச் செய்துவிடலாம்.

மறுபுறம், அட்டைக்குத் தெரியாதவையும் பல. வழக்கமான ஓபியம் வரிசை டிரமடாலையோ ஃபென்டனிலையோ காட்டாது. எல்.எஸ்.டி. பெரும்பாலான அட்டைகளில் இல்லை. சிறுவர்கள் முகரும் ஒயிட்னர், பசை, தின்னர் எதையும் அட்டை அறியாது. எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதை மருந்து சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, முகர்பொருள் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 விழுக்காடு, பத்து முதல் பதினேழு வயதுச் சிறுவரிடமோ 1.17 விழுக்காடு. அதே ஆய்வில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி, மது அருந்துவோர் சுமார் 16 கோடி. குடும்பங்களை அதிகம் சீரழிக்கும் பொருளாகிய மதுவும், பிள்ளைகளின் கைக்கு முதலில் எட்டும் பொருளாகிய பசையும் இந்த அட்டையின் பார்வைக்கு வெளியே நிற்கின்றன.

வங்கி வாடிக்கையாளருக்குக் கணக்கு அந்நியமன்று. ஆகவே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவையே. ஒரு நிறுவனத்தில் 1000 ஊழியர். அவர்களுள் 20 பேர் உண்மையில் போதைப்பொருள் உட்கொள்பவர். அட்டை நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொல்கிறது என்க. இருபதில் 19 பேரை அது கண்டுபிடிக்கும். மீதமுள்ள 980 பேர் குற்றமற்றவர். அவர்களில் நூற்றுக்கு ஐவர் வீதம் 49 பேரையும் அது சுட்டிக்காட்டும். ஆக, ஒற்றைக் கோடு வந்தவர் 68 பேர். அவர்களுள் 49 பேர் எத்தவறும் செய்யாதவர். ‘தொண்ணூற்றைந்து விழுக்காடு துல்லியம்’ என்று உறையில் அச்சிட்டிருந்தும், விரல் நீட்டப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் நிரபராதிகள். யாரையும் குறிப்பாக ஐயுறாமல் கூட்டமாகச் சோதிக்கும்போதுதான் இந்நிலை மிகக் கடுமையாகும். தக்க காரணத்தோடு ஒருவரைச் சோதிக்கும்போது கணக்கு வெகுவாக மாறிவிடும்.

எனவேதான் துரிதப் பரிசோதனையின் முடிவை, கணக்கில் வரவு வைக்கப்பட்டும் இன்னும் தீர்வாகி வராத காசோலையைப் போல் கருத வேண்டும். காசோலையைச் செலுத்திய நாளிலேயே அப்பணத்தை நம்பிச் செலவு செய்பவர் இல்லை. இங்கே தீர்வகத்தின் இடத்தில் இருப்பது ஆய்வகத்தின் கேஸ் குரோமட்டோகிராபி–மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை, அல்லது அதையொத்த திரவ முறை. அது மூலக்கூறுகளைத் தனித்தனியே பிரித்து எடைபோட்டு, இன்ன பொருள்தான் என்று அடையாளம் காட்டுகிறது. சளி மருந்தையும் ஆம்ஃபெட்டமினையும் அது குழப்பிக்கொள்ளாது. அட்டையில் ஒற்றைக் கோடு வந்த அதே சிறுநீர் மாதிரியின் ஒரு பகுதியை முத்திரையிட்டு, இருவரின் கையொப்பத்தோடு ஆய்வகத்திற்கு அனுப்பும் வசதி இல்லாத நிறுவனம், பரிசோதனையைத் தொடங்காதிருப்பதே நலம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பணியிடப் பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2021இல் வெளியிட்டு, 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விமானப் பணிக்குழுவினரிலும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களிலும் ஆண்டுதோறும் குறைந்தது பத்து விழுக்காட்டினர் முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சோதிக்கப்படுகின்றனர். ஆம்ஃபெட்டமின், ஓபியம் வகை, கஞ்சா, கோக்கெய்ன், பார்பிச்சுரேட், பென்சோடயசிப்பின் ஆகியவை தேடப்படுகின்றன. முதற்கட்டச் சோதனையில் ஐயம் எழுந்தால் அவர் பாதுகாப்பு சார்ந்த பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார். உறுதிப்படுத்தும் ஆய்வின் முடிவு வந்த பிறகே அடுத்த நடவடிக்கை. முதன்முறை உறுதியானவர் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார். மீண்டும் நிகழ்ந்தால்தான் உரிமத்திற்கே ஆபத்து. நூற்றுக்கணக்கான உயிர்கள் கையிலிருக்கும் துறையே இத்தனை நிதானத்தோடு நடந்துகொள்கிறது. ஈஜிபுராவின் கிடங்கு மேலாளர் ஒற்றை அட்டையைப் பார்த்து அன்று மாலையே ஆளை வெளியேற்ற வேண்டிய அவசரம் என்ன?

அமெரிக்காவில் அதிபர் ரேகன் 1986இல் பிறப்பித்த ஆணையோடு அரசு ஊழியர் பரிசோதனை வேரூன்றியது. அங்குள்ள ஏற்பாட்டில் கவனிக்கத்தக்க ஒன்று, மறு ஆய்வு செய்யும் மருத்துவர். ஆய்வகம் உறுதிசெய்த முடிவும் முதலில் அவரிடமே செல்கிறது. அவர் ஊழியரை அழைத்து, என்னென்ன மருந்து உட்கொள்கிறார் என்று கேட்டு, மருந்துச் சீட்டைச் சரிபார்த்த பின்னரே நிறுவனத்திற்குத் தகவல் தருகிறார். முறையான மருந்துச் சீட்டு இருப்பின், முடிவு ‘இல்லை’ என்றே போய்ச் சேரும். சிறு நிறுவனங்களும் ஒரு மருத்துவரோடு இத்தகைய ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு, தவறான பணிநீக்கத்தால் வரும் வழக்கின் செலவைவிடக் குறைவு.

சட்டத்தைப் பற்றியும் சில சொற்கள். தனியார் நிறுவனம் எவரையும் வற்புறுத்திச் சிறுநீர் மாதிரி எடுக்க முடியாது. கைது செய்யப்பட்டவரைக் காவல்துறையின் வேண்டுகோளின்பேரில் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வதிகாரம் முதலாளிக்கு இல்லை. ஆகவே பணியில் சேரும்போதே எழுத்து வடிவில், ஊழியர் அறிந்த மொழியில், எப்போது, எதற்காக, எந்தப் பொருளுக்குச் சோதனை என்பது சொல்லப்பட்டு இசைவு பெறப்பட்டிருக்க வேண்டும். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்த நீதிபதி கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஒரு வாடிக்கையாளரின் இருப்புத் தொகையை வங்கி ஊழியர் தேநீர்க் கடையில் பேசுவதில்லை. அதே மறைகாப்பைப் பரிசோதனை முடிவுக்கும் அளிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அட்டையின் படத்தை இடும் மேற்பார்வையாளர் தம் நிறுவனத்தைப் பெருஞ்சிக்கலில் மாட்டிவிடுகிறார்.

சட்டமும் அட்டையும் ஒத்துப்போகாத இடமும் ஒன்றுண்டு. 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறிப் பொருள்கள் சட்டம் கஞ்சாச் செடியின் பூக்கும் நுனியையும் பிசினையும் தடைசெய்கிறது. நுனி சேராத இலையையும் விதையையும் அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. இலையிலிருந்து செய்யப்படும் பாங்கு அவ்வரையறைக்குள் வராது என்பதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022இல் பெங்களூரு வழக்கொன்றில் பிணை வழங்குகையில் சுட்டிக்காட்டியது. ஹோலியன்று பாங்கு அருந்தியவருக்கும் கஞ்சா புகைத்தவருக்கும் அட்டை ஒரே ஒற்றைக் கோட்டைத்தான் காட்டும்.

இனி வீடு. பதின்பருவப் பிள்ளையின் பணம் கேட்கும் வேகம் கூடுகிறது, தூக்கம் மாறுகிறது, யு.பி.ஐ. கணக்கில் பெயர் தெரியாதவர்களுக்குச் சிறு சிறு தொகைகள் போகின்றன. பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007ஆம் ஆண்டு அறிக்கையிலேயே பெற்றோர் தாமே வீட்டில் சோதிப்பதைப் பற்றித் தயக்கம் தெரிவித்திருக்கிறது. காரணம் எளிது. நம்பத்தகுந்த மாதிரி வேண்டுமெனில் பிள்ளை சிறுநீர் கழிக்கையில் ஒருவர் உடனிருக்க வேண்டும்; அதைப் பெற்றோர் செய்தால் உறவில் ஏற்படும் காயம் ஆறுவது கடினம். உடனிருக்காவிட்டால் தண்ணீர் கலக்கலாம், நண்பனின் மாதிரியைக் கொடுக்கலாம். ஆய்வகங்கள் மாதிரியின் வெப்பத்தை நான்கு நிமிடத்திற்குள் அளந்து, 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் உள்ளதா என்று பார்ப்பதும், கிரியாட்டினின் அளவைக் கொண்டு நீர் கலந்ததைக் கண்டுபிடிப்பதும் இதற்காகவே. ‘இல்லை’ என்று வந்த அட்டையும் தீங்கு செய்யும். பசை முகரும் பிள்ளையின் அட்டையில் எல்லாக் கோடுகளும் அழகாகத் தோன்றும்; பெற்றோர் கேள்வியை நிறுத்திவிடுவர்.

பிள்ளைக்குத் தெரியாமல் மாதிரியை எடுத்துச் சோதிப்பதை எவ்வகையிலும் பரிந்துரைக்க இயலாது. அவன் ஒப்புக்கொள்ளக்கூடிய கேள்வியை மறைவாகக் கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு விடையை மட்டும் முகத்தில் வீசுவது போன்றது அது. சிகிச்சையில் இருக்கும் ஒருவர், மருத்துவரோடும் குடும்பத்தோடும் பேசி ஒப்புக்கொண்டு, வாரந்தோறும் தாமே முன்வந்து சோதித்துக்கொள்வது வேறு. அங்கே அட்டை அவருக்கு ஊன்றுகோல். துரிதப் பரிசோதனை வீட்டில் உண்மையாகப் பயன்படும் இடம் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கை. ஒருவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து கிடந்தால் அட்டையைத் தேடி நேரத்தை வீணாக்கலாகாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

ஈஜிபுராவாசிகளுக்கு உதவி தொலைவில் இல்லை. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் போதை மருத்துவ மையம் சில கிலோமீட்டர் தொலைவிலும், செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கோரமங்கலாவிலுமே உள்ளன. போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416, இதில் தமிழிலும் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது மற்றும் போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டு, நோயாளியின் மறைகாப்புக்கு உரிமை அளிக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட பழக்கமுடையவர், அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாகவே சிகிச்சை நாடினால் வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற வழியுண்டு. சிகிச்சைக்குப் போனால் காவல்துறை பிடிக்கும் என்று அஞ்சித் தயங்குவோருக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அட்டை வாங்கியே தீர வேண்டும் என்போர், உறையில் காலாவதி நாள், வரம்பு எண், உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண் ஆகிய மூன்றையும் பார்த்து வாங்கலாம். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் இவ்வகைப் பரிசோதனைக் கருவிகளுக்கும் பொருந்தும். பெரும்பாலானவற்றை 2 முதல் 30 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். நிறுத்தி வைத்த காருக்குள் வெயிலில் விட்ட அட்டையை நம்ப வேண்டாம். உறையைப் பிரித்தவுடன் பயன்படுத்திவிட வேண்டும். ஈரக்காற்று பட்டைக்கு ஆகாது. மருத்துவரிடம் செல்கையில் அட்டையைவிட முக்கியமாக எடுத்துச் செல்ல வேண்டியது, கடந்த ஒரு மாதத்தில் உட்கொண்ட எல்லா மருந்துகளின் பெயர்ப் பட்டியல்; இருமல் மருந்தும், தூக்க மாத்திரையும், ஊரிலிருந்து வந்த சூரணமும் அதில் அடங்கும்.